ஊதிப் பார்க்கும் கருவியைத் தந்த போலீஸ்காரர்

இடக்கொச்சி: இரவில் லாரியோ ஆட்டோவோ ஓட்டி வரும் நம்மவர்களுக்குப் போலீசார் நீட்டும் ஊதுகுழாய் புதிதல்ல. ரெயில்வேயில் என்ஜின் டிரைவர்களும் ஊதிக் காட்டிய பிறகே வேலையில் ஏறுகிறார்கள். இதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் என்ற அமெரிக்கர்.

இவர் 1912-ம் ஆண்டு இந்தியானா மாநிலம் போர்ட் வெய்ன் நகரில் பிறந்தார். பொருளாதார மந்தம் வாட்டிய காலம். கல்லூரி செல்ல வசதியில்லை. போட்டோ கூடத்தில் வேலை பார்த்தார். 1936-ல் மாநிலப் போலீசின் சோதனைக் கூடத்தில் சேர்ந்து, காப்டன் பதவி வரை உயர்ந்தார்.

சுவீடன் நாட்டு வித்மார்க் 1922-லேயே சில சொட்டு ரத்தத்தில் மதுவை அளக்கும் முறையை வகுத்திருந்தார். கணக்குச் சுத்தம்தான். ஆனால் டாக்டர் வேண்டும், சோதனைக் கூடம் வேண்டும். நடுரோட்டில் நடக்கிற காரியமா? ஹார்கர் என்ற பேராசிரியர் பலூனில் ஊத வைத்து அளக்கும் கருவி செய்தார். போர்க்கன்ஸ்டைன் அவருடன் உழைத்தவர். 1954-ல் எடுத்துச் செல்லக்கூடிய கருவியைத் தாமே செய்து முடித்தார். மஞ்சள் நிற ரசாயனக் கரைசலில் மூச்சுக் காற்று புகும். மது இருந்தால் மஞ்சள் வெளுக்கும். வெளுத்த அளவை ஒளி மின்கலம் காட்டும். போட்டோ கூடத்து அனுபவம் வீண் போகவில்லை!

ரத்தத்தில் உள்ள மது நுரையீரல் காற்றில் கலக்கிறது. 2,100 மில்லி மூச்சில் இருப்பது 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் என்பது கணக்கு. இது சராசரிதான். ஆளுக்கு ஆள் சற்று மாறும். அப்போதுதான் வாயில் மது பட்டிருந்தால் ரத்தத்தில் இல்லாததையும் கருவி காட்டிவிடும். அதனால் 15 நிமிடம் பொறுத்து ஊதச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையும் தவறாதது அல்ல. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் கணக்குக் கெடலாம்.

நமது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. அளவு ரத்தத்துக்கு, அளப்பதோ மூச்சில்! லைசென்சே சோறு போடுகிறவருக்கு இது சிறு விஷயமல்ல. மூச்சில் மது தெரிந்து கைதானவரிடம் டாக்டர் மூலம் ரத்தம் எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மணி ஆக ஆக ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். ஊதும் முன் கருவி பூஜ்யம் காட்டவில்லை என்பதற்காக 2025-ல் கேரள ஐகோர்ட் ஒருவர் மீதான குற்றச்சாட்டை ரத்து செய்தது.

போர்க்கன்ஸ்டைன் பட்டம் வாங்கியது 1958-ல், நாற்பத்தைந்து வயதுக்கு மேல்! அதே ஆண்டு போலீஸ் வேலையை விட்டு, இந்தியானா பல்கலைக்கழகத்தில் போலீஸ் நிர்வாகத் துறைக்குத் தலைவரானார். பிறகு கிராண்ட் ராபிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய டிரைவர்களையும் சிக்காதவர்களையும் ஆயிரக்கணக்கில் ஊத வைத்து ஒப்பிட்டார். மது ஏற ஏற விபத்து எவ்வளவு கூடுகிறது என்பது 1964-ல் எண்களாக வெளிவந்தது. 2002-ல் தமது 89-வது வயதில் காலமானார்.