அந்துருண்டைக்குள் காந்தம் கண்டவர்: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

ஆரணிப் பட்டுப்புடவையை பீரோவில் வைக்கும்போது நடுவில் அந்துருண்டை போடுவாங்க இல்லையா? அந்த நாப்தலீனை காந்தம் இழுக்காது. உண்மையில் மிக மிக லேசாகத் தள்ளும். அந்தத் துளி விசையை அளந்தே மூலக்கூறுகளின் ரகசியத்தைப் படித்தவர் தமிழர் கே.எஸ்.கிருஷ்ணன்.

யார் இவர்?

1898 டிசம்பர் 4ல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை சொல்லிக்கொடுத்தார். மதிய இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து அறிவியல் பேசுவாங்க.

அடுத்து கல்கத்தா. 1928ல் சி.வி.ராமன் கண்டுபிடித்த ராமன் விளைவில் கூடவே உழைத்தவர் கிருஷ்ணன். நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதே 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் போன கிருஷ்ணன், காந்தத்தைக் கையில் எடுத்தார்.

என்ன செய்தார்?

மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்தை வைத்து, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அதில் தெரிந்தது.

1940ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1947ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூன் 14ல் மறைந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

காந்தத்தைவிட அறை வெப்பமே மூலக்கூறுகளைப் பல மடங்கு பலமாக உலுக்குகிறது. அப்படியிருக்க, காந்தம் வேதிவினையை எப்படி மாற்றும்? 1969ல் இதற்கு வழிகாட்டும் விளக்கம் வந்தது. ஒளி பட்டு மூலக்கூறு உடையும்போது, இரு துண்டுகளிலும் ஒவ்வொரு தனி எலக்ட்ரான் மிஞ்சலாம். அவற்றின் 'ஸ்பின்' எதிரெதிராக இருந்தால் துண்டுகள் எளிதில் மறுபடி சேரும். ஒரே பக்கமாக இருந்தால் பிரியவே வாய்ப்பு அதிகம். காந்தப்புலம் இந்தக் கணக்கை மாற்றும். எல்லாம் நானோ நொடிகளில், அதாவது ஒரு நொடியை 100 கோடியாகப் பிரித்த கணக்கில் நடக்கிறது. வெப்பம் ஸ்பின்னைக் கலைப்பதற்குள் வினையே முடிந்துவிடும். வலசைப் பறவைகள் திசை அறிவதும் இப்படித்தானா என்று ஆய்வு நடக்கிறது.

இந்த விளக்கத்தைப் பார்க்க கிருஷ்ணன் இல்லை. ஆனா, காந்தத்தின் பிடி எவ்வளவு சிறிதானாலும் அதை அளக்க முடியும், அது மூலக்கூறின் கதையைச் சொல்லும் என்று முன்பே காட்டியவர் அவர்.