மார்த்தா மால்ட் அம்மையார்

பழனி மலைத்தொடரின் தென்னடிவாரத்தில், மஞ்சளாற்று நீரால் வளம்பெறும் ஊர் தேவதானப்பட்டி. அவ்வூர்த் தோப்புகளின் நிழலிலே ஏழைப் பெண்டிர் வரிசையாய் அமர்ந்து தென்னங்கீற்று முடைவதை யான் இளமைமுதற் கண்டு வந்துள்ளேன். அவர்தம் விரல்கள் ஓடும் விரைவு காண்போரை வியப்பில் ஆழ்த்தும். ஆயினும் அக்கீற்று எவ்வூர் செல்கிறது, என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பவற்றை அவருட் பலர் அறியார். அந்தி வேளையில் கைக்கு வரும் கூலி ஒன்றே அவர் அறிந்தது. கையிலே திறன் இருந்தும் கையிலே பொருள் தங்காமைக்குக் காரணம் யாது என்னும் வினா என்னை விட்டு நீங்கியதில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னர் நாகர்கோவிலில் வாழ்ந்த மாதரசி ஒருவர் இவ்வினாவிற்குத் தம் செயலால் ஒரு விடை கண்டார். அவரே மார்த்தா மால்ட் அம்மையார். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

அம்மையார் 1794ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்திற் பிறந்தவர். இலண்டன் மிஷனெரி சங்கத்தின் தொண்டராகிய சார்லஸ் மால்ட் ஐயரை மணந்து, அவரோடு நெடுங்கடல் கடந்து, 1819ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். அந்நிலப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசிற்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டிலேதான் அது கன்னியாகுமரி மாவட்டமாகி நம் மாநிலத்தோடு இணைந்தது. 1806ஆம் ஆண்டில் அங்குப் பணி தொடங்கிய ரிங்கல்தௌபே ஐயர் பத்தாண்டுகளில் நலிவுற்று நீங்கினார். அவர்க்குப் பின் 1818இல் மீட் ஐயர் வந்தார். அவர் மனைவியார் ஜோஹன்னா அம்மையார் தஞ்சையினின்று வந்தவர். 1819இல் நாகர்கோவிலில் பெண்குழந்தைகட்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியின் பொறுப்பை மார்த்தா அம்மையார் விரைவில் ஏற்றுக்கொண்டார். டதி பெண்கள் பள்ளி என்னும் பெயரால் விளங்குவது அதுவே.

அக்காலத்து நிலையைச் சிறிது அறிந்தாலன்றி அம்மையாரின் பணியினது அருமை விளங்காது. திருவிதாங்கூரில் அடிமை முறை அப்பொழுது வழக்கத்தில் இருந்தது. மனிதர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், அடைமானமும் வைக்கப்பட்டனர். அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த குழந்தையும் அடிமையே. அடிமையல்லாத ஏழை மக்களும் தலைவரி முதலிய பல வரிகளாலும், கூலியில்லா ஊழியத்தாலும் நசுக்குண்டனர். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்டிர் மார்பை மறைத்து ஆடை அணிதலும் குற்றமெனக் கருதப்பட்டது. இத்தகைய வீடுகளுக்குச் சென்று, உங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கேட்டால் பெற்றோர் என் செய்வர்? பெண் எழுத்தறிந்தால் அடுப்பெரியுமோ என்பதே அவர் கேள்வியாயிருந்தது. அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. சிறுமியின் கையுழைப்பும் சேர்ந்தால்தான் ஒருவேளைக் கஞ்சி என்னும் வீட்டில் அது நியாயமான கேள்வியே.

அம்மையார் அக்கேள்வியைத் தள்ளவில்லை. சிறுமியரைப் பள்ளியிலேயே தங்கவைத்து, உணவும் உடையும் தந்து, எழுத்தும் எண்ணும் வேதபாடமும் கற்பித்ததோடு, 1821ஆம் ஆண்டு முதல் ஒரு கைத்தொழிலையும் கற்பிக்கலானார். அதுவே ரேந்தைப் பின்னல். ரேந்தை என்னும் சொல் போர்த்துகீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்தது. லேஸ் என்று இன்று பலரும் வழங்குவதும் அதனையே.

அத்தொழிலின் முறை நுட்பமானது. கெட்டித் தாளிலே பூவும் இலையும் கொடியுமாகிய உருவங்களைச் சிறு துளைகளாற் குத்தி, அத்தாளை இறுகப் பொதிந்த ஒரு திண்டின்மேற் பொருத்துவர். மெல்லிய நூலைச் சிறு மரக்குச்சிகளில் இணையிணையாகச் சுற்றித் தொங்கவிடுவர். பின்னர் அக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றியும் முறுக்கியும், துளைதோறும் குண்டூசி குத்தி நூலை நிறுத்தியும் பின்னிச் செல்வர். குச்சிகள் பலவாயின் எதனை எதன்மேல் மாற்றுவது என்னும் கணக்குத் தவறலாகாது. ஓரிடத்திற் பிழைத்தால் பூ முழுவதும் சிதையும். விரலகல ரேந்தை சிறிதளவு வளர்வதற்கே பல நாழிகை செல்லும். தூய கையும் கூரிய கண்ணும் மாறாப் பொறுமையும் இதற்கு வேண்டும். அடிமையின் மகள் அறிவற்றவள் என்று எண்ணியிருந்த ஊரார்க்கு, அவள் விரலினின்று விரிந்த அப்பூக்களே தக்க மறுமொழியாயின.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிடல் வேண்டும். இங்கிலாந்தின் சிற்றூர்ப் பெண்டிர் நெடுங்காலமாய் இத்தொழிலால் வாழ்ந்து வந்தனர். 1809ஆம் ஆண்டில் ஜான் ஹீத்கோட் என்பவர் ரேந்தை வலை பின்னும் பொறி ஒன்றிற்கு உரிமை பெற்றார். பொறி பெருகப் பெருக அந்நாட்டுக் கைவேலைப் பெண்டிரின் வருவாய் சுருங்கலாயிற்று. இவ்வாறு பிறந்த நாட்டில் தேயத் தொடங்கிய தொழில், கடல் கடந்து குமரிமுனையருகே புதுத்தளிர் விட்டது. பொறியாற் செய்த சரக்கு மலிவாகக் கிடைத்த காலத்திலும், கையாற் செய்ததன் அழகை விரும்பி உரிய விலை கொடுப்போர் இருந்தனர். அத்தகையோரையே அம்மையார் நாடினார். இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பத்தினரும், கடலுக்கு அப்பால் உள்ளோரும் நாகர்கோவில் ரேந்தையை விரும்பி வாங்கினர். விற்று வந்த பொருள் பள்ளியின் செலவிற்கு உதவியது, பின்னியவர்க்கும் ஊதியமாயிற்று.

அவ்வூதியத்தால் விளைந்த நன்மைகளுள் தலையாயது யாது? பள்ளியிற் பயின்ற பெண்களுள் அடிமைகளாயிருந்தோர் சிலர், தாம் பின்னி ஈட்டிய பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அதனைத் தம் உடையவர்க்குக் கொடுத்துத் தம்மைத்தாமே மீட்டுக்கொண்டனர். இதனை நினைக்கும்போது உள்ளம் ஒருபால் உவக்கின்றது, ஒருபால் நாணுகின்றது. தன் விரலால் தன் விலங்கை அறுத்த சிறுமியை எண்ணி உவக்கின்றோம். கடவுள் யாவர்க்கும் விலையின்றி அளித்த உரிமையை ஒரு சிறுமி விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த உலகை எண்ணி நாணுகின்றோம். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முற்றும் ஒழித்து ஆணையிட்டது 1855ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னரே சில பெண்டிர் உரிமையோடு நடமாடினர் என்றால், அதற்குக் காரணம் நூலும் குண்டூசியும் ஒரு மரக்குச்சிக் கட்டுமே.

உரிமைப் போராட்டம் அவ்வளவில் நின்றதன்று. கிறிஸ்தவப் பெண்டிர் மானத்தோடு உடுத்தும்பொருட்டு மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் குப்பாயம் ஒன்றை வகுத்துத் தந்தனர். அதனால் மூண்ட பகையில் பெண்டிர் தெருவிலே அடிபட்டனர். அவர்தம் ஆடை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டு அரசாணை கிறிஸ்தவப் பெண்டிர் குப்பாயம் அணிய மட்டும் இசைந்தது. மேலாடை உரிமை நாடார் குலப் பெண்டிர் யாவர்க்கும் கிடைக்க 1859ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை அச்சத்தினிடையும் பள்ளி மூடப்படவில்லை. ரேந்தைத் திண்டுகள் ஓய்வு பெறவில்லை. யோப்பா பட்டினத்துத் தொற்காள் விதவைகட்கு ஆடை தைத்துக் கொடுத்தாள் என்று திருமறையிற் படிக்கின்றோம். மார்த்தா அம்மையார் ஆடை தைத்துக் கொடுத்ததோடு அமையாது, ஆடை வாங்கும் ஆற்றலையும் பெண்டிர்க்கு ஆக்கித் தந்தார்.

அம்மையாரைப் போற்றுமிடத்து இத்தொழிலின் குறையையும் மறைத்தல் முறையன்று. அன்று வாங்குவோர் பெரும்பாலும் வெளிநாட்டார். விற்பனையும் துரைசானிகளின் கையிலேயே இருந்தது. நல்லோர் கையில் இருந்தமட்டும் அதனால் தீங்கில்லை; பிறர் கைக்கு மாறினால் என்னாகும்? இதற்கு ஆந்திர நாட்டு நரசாபுரமே சான்று. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனெரிமாரே ரேந்தைப் பின்னலைப் பரப்பினர். பின்னர் அது பெருவணிகமாயிற்று. 1982ஆம் ஆண்டில் மரியா மீஸ் அம்மையார் வெளியிட்ட ஆய்வு, ஏற்றுமதியின் ஊதியம் வணிகரைச் சேர, வீட்டிலிருந்து பின்னிய பெண்டிர்க்கு மிகச் சிறு கூலியே கிடைத்ததைக் காட்டிற்று. பகல் முழுதும் உழைத்தும் அவர்கள் வீட்டில் ஓய்வாயிருக்கும் மனைவியராகவே எண்ணப்பட்டனர். ஆகவே தொழிலைக் கற்பித்தல் பாதியே. விலையை அறிவித்தலும், கணக்கை எழுதக் கற்பித்தலும் மறுபாதியாம். எழுத்தையும் பின்னலையும் ஒரே கூரையின்கீழ் மார்த்தா அம்மையார் கற்பித்ததன் சிறப்பு இதனால் விளங்கும்.

ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்துத் தளர்ந்த அம்மையார் கணவரோடு தாயகம் திரும்பினார். மால்ட் ஐயர் 1858இல் மறைந்தார். அம்மையார் 1870இல் இறைவனடி சேர்ந்தார். ஆயினும் அவர் நட்ட செடி பட்டுப்போகவில்லை. நாகர்கோவிலிலே 1822ஆம் ஆண்டில் அவர்க்குப் பிறந்த மகள் எலிசா, தமிழைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்தவர். தமிழ் பயிலும் நாம் அனைவரும் நன்கறிந்த கால்டுவெல் ஐயரை 1844இல் மணந்து, இடையன்குடிக்குச் சென்றார். செம்மணற்றேரியும் பனங்காடுமாகிய அவ்வூரிலே பெண்பள்ளி நிறுவி, தம் தாயார் கற்பித்த ரேந்தைப் பின்னலை அங்குள்ள பெண்டிர்க்கும் கற்பித்தார். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் போற்றும் நாம், அதே ஊரிலே பனையேறிகளின் பெண்மக்கள் பின்னிய பூக்களையும் நினைத்தல் தகும்.

கால்டுவெல் ஐயர் முதுமையிற் கோடைக்கானலில் தங்கி, 1891ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தார். இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார். எலிசா அம்மையார் 1899இல் மறைந்தார். அந்நாளில் கோடைமலைக்கு மோட்டார்ப் பாதை இல்லை. செல்வோர் அம்மையநாயக்கனூரிற் புகைவண்டியை விட்டிறங்கி, மாட்டு வண்டியேறி, வத்தலகுண்டும் தேவதானப்பட்டியும் கடந்து, பெரியகுளத்தருகே மலையடியை அடைந்து மேலேறுவர். மார்த்தா அம்மையாரின் மகளும் அவ்வழியே எங்கள் ஊரைக் கடந்திருத்தல் கூடும். வண்டியினின்று எட்டிப் பார்த்திருப்பின், தோப்பு நிழலில் உழைக்கும் பெண்டிரைக் கண்டிருப்பார். அவர் விரலின் விரைவையும் அறிந்திருப்பார்.

அப்பெண்டிரின் பேத்தியர் இன்றும் அங்கு உளர். அவர்கட்குத் திறனை எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவதில்லை. தாம் செய்யும் பொருளின் விலையை அறிதலும், அதனைத் தாமே கூடி விற்றலும், வருவாயைத் தம் பெயரிற் சேர்த்தலுமே வேண்டுவன. நூல் பல கற்றுப் பட்டம் பெற்று இக்கல்லூரியை விட்டு ஊர் திரும்பும் நம்முள் ஒருவர், ஒரு தோப்பு நிழலில் அமர்ந்து, ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அவர்கட்கு விலையைப் படித்துக் காட்டுவாராயின், மார்த்தா மால்ட் அம்மையாரின் பணி நம் காலத்திலும் நடைபெறுவதாகும்.