டூப்ளேயின் துபாஷ்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டை ஒன்று இருந்தது. 1746-ல் அவர்கள் சென்னையைப் பறிகொடுத்ததும் அதுவே அவர்களுக்குத் தலைமையிடம் ஆயிற்று. அதையும் பிடிக்க அந்த டிசம்பரிலேயே பிரெஞ்சுப் படை புதுச்சேரியிலிருந்து போயிற்று, தோற்றுத் திரும்பியது.

இந்தச் சங்கதிகளையெல்லாம் அவ்வப்போது தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். புதுச்சேரியில் வியாபாரம் செய்தார். 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். பிறகு கவர்னர் டூப்ளேயின் துபாஷ் ஆனார். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர். கவர்னருக்குக் காதும் வாயும் அவர்தான்! கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் யாரை ஏசினார் என்பதுவரை எழுதினார். படித்தால் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பது போலிருக்கும்.

1754-ல் டூப்ளே ஊர் திரும்பினார். பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. 1761 ஜனவரி 12-ல் காலமானார். நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். நாட்குறிப்போ குடும்பத்தாரிடம் தப்பிக் கிடந்தது.

1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு பிரதி எடுத்தார். ஏரியேல் என்பவர் எடுத்த பிரதி பாரிசுக்குப் போயிற்று. சென்னை அரசாங்கமும் ஒன்று எழுதுவித்தது. நல்லவேளை! மூலத்தில் சில பகுதிகள் பிற்பாடு காணாமற் போயின. அந்த நாட்களைப் பிள்ளையின் கையெழுத்தில் பார்க்க முடியாது. நகல் எழுதியவர்களின் கையெழுத்தில்தான் பார்க்கலாம்.