கம்பியிற் சக்கரம் கட்டியவர்

எங்கள் ஊர்ச் சந்தியிலே சைக்கிள் திருத்தும் கடையொன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், நெளிந்த சக்கரத்தை நிமிர்த்தும் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி, விளிம்பு எப்பக்கம் ஒதுங்குகின்றது என்பதைக் கண்ணாலேயே அளப்பார். ஒரு கம்பியைச் சற்று இறுக்குவார். எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சற்றுத் தளர்த்துவார். அக்கம்பிகள் நேரே செல்லாது ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வது ஏன் என்னும் வினா அன்று என் மனத்தில் எழுந்தது. அவ்வினாவே, நெடுங்காலத்தின் பின், ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் தொழிலாளியின் வாழ்க்கை வரலாற்றுக்கு என்னை இட்டுச் சென்றது.

ஸ்டார்லி 1830 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், அல்போர்ண் என்னும் சிற்றூரிலே கமக்காரர் குடும்பமொன்றிற் பிறந்தார். உழவுத் தொழிலில் மனம் பற்றாத அவர், இளமையிலேயே வீட்டை விட்டு ஓடி, இலண்டனுக்கு அணித்தாயிருந்த லூவிஷத்தில், ஜோன் பென் என்னும் பொறியியலாளரின் மாளிகையிலே தோட்டக்காரராக அமர்ந்தார். ஓய்வு வேளைகளிற் கடிகாரங்களைத் திருத்தினார். அவ்வீட்டுத் தலைவியின் தையற்பொறி பழுதுற்றபோது அதனைச் சீராக்கியதோடு, அதன் அமைப்பை மேலும் திருத்தும் வழியையும் கண்டார். அத்திறமையே அவருக்குத் தையற்பொறித் தொழிலின் வாயிலைத் திறந்தது. ஜொசையா டேர்ணர் என்பவருடன் சேர்ந்து, 1861 ஆம் ஆண்டளவிற் கொவென்றி நகரத்திலே புதிய தொழிற்சாலையொன்றைத் தொடங்கினார்.

கொவென்றி அப்பொழுது துயருற்றிருந்த நகரம். பட்டு நாடா நெசவும் மணிக்கூட்டுத் தொழிலுமே அதன் பிழைப்பு. 1860 ஆம் ஆண்டிற் பிரான்சுடன் செய்யப்பட்ட வணிக ஒப்பந்தத்தினால் இறக்குமதித் தீர்வை நீங்கவே, பிரெஞ்சு நாடாக்கள் வந்து குவிந்தன. தறிகள் ஓய்ந்தன, நெசவாளர் பலர் பசியோடு ஊரை விட்டுப் பெயர்ந்தனர். நுண்வேலை பழகிய கைகள் வேலையின்றி இருந்த அந்நகருக்கு, 1868 ஆம் ஆண்டின் இறுதியில், டேர்ணரின் உறவினரான இளைஞர் ஒருவர் பாரிசிலிருந்து மிதிவண்டியொன்றைக் கொண்டுவந்தார். மரச்சக்கரமும் இரும்புப் பட்டையும் கொண்ட அவ்வண்டி, ஏறியவரின் எலும்பைக் குலுக்கியது. பிரான்சுக்கு அனுப்பவே கொவென்றியில் அத்தகைய வண்டிகளைச் செய்ய முற்பட்டனர். ஆனால், 1870 இல் மூண்ட போர் அச்சந்தையை அடைத்துவிட்டது. செய்த வண்டிகளை இங்கிலாந்திலேயே விற்கவேண்டியதாயிற்று.

அவ்வாண்டிலேயே ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மன் என்பவரும் ஏரியல் என்னும் வண்டிக்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். அது முழுவதும் இரும்பாலானது, சக்கரங்களோ கம்பியாலானவை. மர ஆரம் தன்மீது அமரும் பாரத்தை நின்று தாங்கும். மெல்லிய கம்பி அவ்வாறு நிற்கமாட்டாது. ஆயினும் இழுவையைத் தாங்கும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் இழுத்து இறுக்கிவிட்டால், எடை குறைந்த சக்கரமே வலிய சக்கரமாகிவிடுகின்றது. பாரிசில் ஈயூஜீன் மேயர் என்பவர் 1869 இலேயே கம்பிச் சக்கரம் செய்திருந்தார் என்பதையும் இங்கே கூறுதல் முறை. ஆனால் குடத்திலிருந்து நேரே செல்லும் கம்பிகள், மிதிக்கும்போது ஏற்படும் முறுக்கை நன்கு தாங்குவதில்லை. கம்பிகளைக் குடத்தின் ஓரத்தைத் தொட்டவாறு சாய்த்து, முன்னும் பின்னுமாகக் குறுக்கிட்டுக் கட்டும் முறைக்கு 1874 இல் ஸ்டார்லி உரிமைப்பத்திரம் பெற்றார். சிறுவயதில் என் மனத்தில் எழுந்த வினாவுக்கு விடை அதுவே.

பின்னர் அவர் முச்சக்கர வண்டிகளையும் செய்தார். விக்டோரியா மகாராணியார் அவற்றுள் இரண்டை வாங்கினார். அப்புகழ் வந்த 1881 ஆம் ஆண்டிலேயே, யூன் மாதத்தில், தமது 51 ஆவது வயதில் ஸ்டார்லி காலமானார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், பின்சக்கரம் சங்கிலியால் இயங்கும் றோவர் வண்டியை 1885 இல் வெளியிட்டவர், அவரிடம் வேலை பழகிய உடன்பிறந்தார் மகன் ஜோன் கெம்ப் ஸ்டார்லி. இன்று நாம் ஏறிச் செல்வது அந்த வண்டியின் வழித்தோன்றலே. நாடா நெசவு நலிந்த கொவென்றி, துவிச்சக்கர வண்டித் தொழிலால் மீண்டும் நிமிர்ந்தது.

கொவென்றியில் 1884 ஆம் ஆண்டில் ஸ்டார்லிக்கு நினைவுத்தூண் எழுப்பினர். துவிச்சக்கர வண்டியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வாருளர். அது பொருந்தாது; அப்பெருமை அவருக்கு வேண்டுவதுமன்று. பிறர் செய்த பொருளைக் கையிலெடுத்து, அதன் குறையைக் கண்டு, திருத்தித் தந்தவர் அவர். தையற்பொறியிற் செய்ததையே சக்கரத்திலும் செய்தார். திருத்துபவனை ஆக்குபவனுக்குக் கீழாக எண்ணும் நம் வழக்கத்தை அவர் வாழ்வு மறுக்கின்றது.

1990 ஆம் ஆண்டை அடுத்துவந்த போர்க்காலத்தில், எரிபொருள் அரிதாகிய யாழ்ப்பாணத்திலே, நெல்மூடையும் விறகும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றதை நம்மில் முதியோர் அறிவர். அவ்வளவு பாரத்தையும் சுமந்தவை குறுக்கிட்டுக் கட்டிய அந்த மெல்லிய கம்பிகள். அவை அறாமல் நாள்தோறும் இறுக்கித் தந்தவர்கள் நம் சந்திக் கடைக்காரர்கள். அவர்களுக்கு நினைவுத்தூண் இல்லை. ஸ்டார்லியின் வரலாற்றை அறிந்த பின், அவர்களையும் அவருடைய தொழில் வழிவந்த உறவினராகவே நான் எண்ணுகின்றேன்.