கோலைக் காத்த வீரர்

பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது ஐஸ் ஆக்கி. அதில் புகழ் பெற்றவர், சுவீடன் நாட்டு பெல்லே லிண்ட்பெர்க். 1959-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார்.

எதிரிகள் அடிக்கும் ரப்பர் வட்டு கோலுக்குள் போகாமல் தடுப்பது அவர் வேலை.

1980-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கப் பதக்கம் வென்றது. அந்த அமெரிக்காவிடம் தோற்காத ஒரே அணி சுவீடன். அன்று கோலைக் காத்தவர் லிண்ட்பெர்க்!

பிறகு அமெரிக்கா சென்று, பிலடெல்பியா அணியில் சேர்ந்தார். சிறு வயதில் யாரைப் போல் ஆக ஆசைப்பட்டாரோ, அந்த பெர்னி பேரண்டே அங்கு அவருக்குப் பயிற்சி கொடுத்தார். 1985-ம் ஆண்டு, சிறந்த கோல் காவலருக்கான வெசினா பரிசு கிடைத்தது. ஐரோப்பியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

வேகமான கார் என்றால் அவருக்கு உயிர். அதுவே உயிரைக் குடித்தது!

அதே ஆண்டு நவம்பர் 10-ந் தேதி அதிகாலை. மது அருந்திவிட்டுக் காரை ஓட்டினார். ஒரு பள்ளிக்கூடத்தின் முன் இருந்த சுவரில் கார் மோதியது. கூட இருந்த 2 பேர் காயத்துடன் தப்பினார்கள். லிண்ட்பெர்க்கின் மூளை செயல் இழந்தது. அவருக்கு வயது 26.

பெற்றோர் மனதைத் தேற்றிக்கொண்டு, மகனின் உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

1986-ம் ஆண்டு நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். கோல் காவலராக அவர்கள் தேர்ந்தெடுத்தது, இறந்துபோன லிண்ட்பெர்க்கைத்தான்!