ஏற்கும் கலை: டொன் ஹட்சன் வரலாறு

ஈவதை உயர்வென்றும் ஏற்பதை இழிவென்றும் கற்பிப்பது நம் நீதிநூல்களின் வழக்கம். தீவகத்து மாணவர்க்கு நானும் அதனையே பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். ஆயினும், எறிந்தவனைக் காட்டிலும் ஏற்றவனே பெரும்புகழ் எய்தும் இடமொன்றும் உலகில் உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அவ்விடத்தை நிலைநாட்டியவர் டொன் ஹட்சன்.

பெயர் உதைபந்தாட்டமேயாயினும், அவ்வாட்டத்திற் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். இருமுனையுங் கூர்த்த அப்பந்தை ஒருவர் நெடுந்தொலைவு எறிவார். வரிசையின் கோடியினின்று புறப்பட்ட மற்றொருவர், காவலர் தொடர ஓடி, அது நிலத்தில் வீழுமுன் பற்றுதல் வேண்டும்.

ஹட்சன் 1913 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள், அர்க்கன்சாஸ் மாநிலத்துப் பைன் பிளஃப் நகரிற் பிறந்தார். இளமையில் நச்சுப்பாம்புகளைப் பிடித்து வளர்த்தவர் என்பர். அலபாமாப் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்து, 1935 புத்தாண்டு நாளன்று கலிபோர்னியாவில் நடைபெற்ற றோஸ் போல் ஆட்டத்தில், ஸ்ரான்போர்ட் அணியை 29–13 என்ற கணக்கில் வென்றோருள் முதன்மை பெற்றார். அவரது விரைவு கண்டோர் அவரை அலபாமாவின் மான் என அழைத்தனர்.

தொழின்முறை ஆட்டத்துக்கு அவரை அழைத்த அணிகள் இரண்டு. இரண்டுக்குமே அவர் ஒப்பமிட்டுவிட்டார். எவ்வொப்பந்தத்தின் அஞ்சல் முத்திரை முந்தியதோ அதுவே செல்லுமெனச் சங்கத் தலைவர் தீர்க்க, சில நிமிட வேறுபாட்டால் அவர் கிறீன் பே பக்கர்ஸ் அணிக்கு உரியவரானார் என்பது வரலாறு. மெலிந்த உடலினரான இவர் அங்கு நிலைப்பாரோ எனப் பலர் ஐயுற்றனர். 1935 செப்ரெம்பர் 22 அன்று அவ்வையம் அகன்றது. சிக்காகோ பெயர்ஸ் அணியுடன் ஆட்டந் தொடங்கியதும் ஆர்ணி ஹேபர் எறிந்த நெடும்பந்தை ஓட்டத்திலேயே ஏற்று, 83 யார் நீள ஆட்டத்தை முடித்து எல்லையைக் கடந்தார். 7–0 என முடிந்த அவ்வாட்டத்தின் வெற்றி அவ்வொன்றாலேயே வந்தது.

இதன் அருமை யாது? நெடும்பந்து பின்னிருந்து வருவது. ஏற்பவர் முன்னோக்கி முழுவிரைவில் ஓடியவாறே தோளுக்கு மேலாகத் திரும்பி அதனைக் காணல் வேண்டும். உயரப் பறந்துவரும் பந்து கண்ணுக்கு மேன்மேலும் விரைந்து ஏறுவதுபோலத் தோன்றின், அது தலையைக் கடந்து செல்லும். ஏற்றந் தளர்வதுபோலத் தோன்றின், முன்னே குறுகி வீழும். இக்குறிப்பை நொடிப்பொழுதில் உணர்ந்து நடையை நீட்டியுஞ் சுருக்கியும் அமைப்பதே ஏற்பவர் திறன். கைகளை முற்படவே நீட்டினால் ஓட்டந் தளரும், காவலனும் விழித்துக்கொள்வான். நயினாதீவு இறங்குதுறையிற் படகிலிருந்து எறியுங் கயிற்றைப் பற்றுபவனை நோக்குங்கள். கயிறு காற்றில் விலகியபின் எறிந்தவனை நொந்து பயனில்லை. அவன் தன் காலையே மாற்றி வைக்கின்றான்.

இயல்பான விரைவை மட்டும் ஹட்சன் நம்பவில்லை. எங்கே திரும்புவது, எங்கே தயங்குவதுபோலக் காட்டிப் பின் பாய்வது என்பவற்றை எறிபவரோடு முன்னரே வகுத்துப் பயின்றார். இன்று அவ்வாட்டத்தில் ஏற்போர் ஓடும் வழிகளுட் பல அவரிடந் தோன்றியவை என்பர். 1942 இல் மட்டும் 74 பந்துகளை ஏற்று 17 முறை எல்லை கடந்தார். 1945 ஒக்ரோபர் 7 அன்று டெற்றொயிற் அணிக்கெதிராக, ஆட்டத்தின் ஒரே காற்பகுதியில் 29 புள்ளிகள் ஈட்டினார். பதினொரு பருவங்களில் 488 பந்துகளை ஏற்று, அவற்றுள் 99 ஐ எல்லை சேர்த்து, 1945 உடன் ஓய்வுபெற்றார். அந்த 99 ஐக் கடக்க 1989 இல் ஸ்ரீவ் லார்ஜென்ற் வரவேண்டியிருந்தது. 1997 ஜூன் 26 ஆம் நாள் ஹட்சன் மறைந்தார்.

இவ்வளவோடு நிறுத்தின் வரலாறு நிறைவுறாது. போர்க்காலத்திற் சிறந்த ஆட்டக்காரர் பலர் படைக்குச் சென்றிருந்தனர். அதனினும் பெரிய குறை வேறொன்று. 1934 முதல் 1945 வரை அச்சங்கத்தின் எவ்வணியிலும் கறுப்பினத்தவர் ஒருவர்தானும் ஆடவில்லை. எழுதப்படாத தடையொன்று அவர்களைப் புறத்தே நிறுத்தியது. ஹட்சன் ஆடிய காலம் முழுதும் அத்தடைக்குள்ளேயே அடங்கும். 1946 இலேயே கெனி வாஷிங்ரன், வூடி ஸ்ரோட் ஆகியோருக்கு லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸ் அணி இடமளித்தது. அத்தடையை விதித்தவர் ஹட்சன் அல்லர்; அவருடைய திறனும் பொய்யன்று. ஆயினும் அவரோடு போட்டியிட்டிருக்கத் தக்கோர் பலர் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதையும் சேர்த்தே அவ்வெண்களைப் படித்தல் அறம்.

பந்தேற்றல் தமிழருக்குப் புதிதன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கெனத் தனிப்பருவமே வகுத்தவர் நம் புலவர். எறிந்ததைத் தவறாது ஏற்பதன் அழகை அவர் நன்கறிவர். ஆனால் அம்மானையில் எறிவதும் ஏற்பதும் ஒரே கை. வாழ்க்கையில் அவை வெவ்வேறு கைகள். எத்துணை வல்ல கையாயினும், தன்னை நோக்கி எறியப்படாத பந்தை அது எங்ஙனம் ஏற்கும்? நெடுந்தீவின் கடைக்கோடியில் அமர்ந்து கற்கும் பிள்ளைக்கு ஓடுங் கால்களும் உண்டு, ஏற்குங் கைகளும் உண்டு. அப்பிள்ளை இருக்கும் தொலைவுக்கு எறிவது ஆசிரியராகிய நம் கடன்.