இராஜகிருகம்: புத்தகங்களுக்காக எழுந்த இல்லம்

பம்பாய் மாநகரில், தாதர் இரயில் நிலையத்தின் கிழக்குப் புறத்தே இந்து காலனி என்றொரு பகுதி உண்டு. அங்கே நிற்கிறது இராஜகிருகம் என்னும் மூன்றடுக்கு இல்லம். மாளிகை என்று எழுதுவோரும் உளர். ஆயினும் அரண்மனைக்குரிய அலங்காரம் எதனையும் அங்கே எதிர்பார்த்தல் வேண்டா. டாக்டர் பீமராவ் இராம்ஜி அம்பேத்கர் அவர்கள் கட்டி, மனைவி மக்களோடும் ஆயிரக்கணக்கான நூல்களோடும் வாழ்ந்த வீடு அது. இரயில்வே ஊழியர்க்குக் கிடைக்கும் பாஸைக் கொண்டு குடும்பத்தோடு பம்பாய் சென்றபோது, அவ்வில்லத்தைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

மேல்தளங்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். பார்வையாளர்க்குத் திறந்திருப்பவை தரைத்தளத்து அறைகளே. அண்ணலின் மூக்குக்கண்ணாடி, கைத்தடி, கட்டில், சுவரெங்கும் நிழற்படங்கள், அஸ்திக் கலசம் ஆகியவற்றை அங்கே காணலாம். விரைந்து நடப்பவர் சிறிது நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால், இவ்வொரு கதவைத் தமக்கெனத் திறந்துகொள்ளுமுன் அப்பெரியார் எத்தனை கதவுகளுக்கு வெளியே நின்றார் என்பதை அறிந்து செல்பவர்க்கு அவ்வறைகளைவிட்டு எளிதில் வெளிவர இயலாது. அதனால்தான் இவ்வாண்டு மலருக்கு அவர் வரலாற்றை வீடுகளின் வழியே எழுதத் துணிந்தோம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மவ் என்னும் பட்டாளக் குடியிருப்பில் அவர் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார், தாயார் பீமாபாய். பெற்றோர்க்கு அவர் பதினான்காவது மகவு. நம் பிள்ளைகள் கம்பெனி வீட்டில் பிறந்தது போல அவர் சர்க்கார் வீட்டில் பிறந்தவர். வேலை உள்ளவரை அந்த வீடு; வேலை போனால் அதுவும் போகும். சிறு பிராயத்திலேயே தாயை இழந்தார். சாத்தாராப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப்பையை விரித்துத் தனியே அமர்வார். தண்ணீர்க் குழாயைத் தாமே திறத்தல் ஆகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டாலன்றித் தாகம் தீராது.

1901-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பயணத்தைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். இரயில்வேயில் பணிபுரியும் எம்போன்றோர் அதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். தந்தையார் அப்போது கோரேகாவ் என்னும் ஊரில், பஞ்ச நிவாரணத்திற்காக ஏரி வெட்டிய இடத்தில் காசாளர். கோடை விடுமுறைக்கு வருமாறு பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒன்பது வயதுப் பீமராவ், அண்ணன், அக்காள் மக்கள் ஆகியோர் புத்தாடை உடுத்தி, முதன்முதலாக இரயில் ஏறும் மகிழ்ச்சியோடு மசூர் நிலையத்தில் வந்து இறங்கினர். புனே–மிரஜ் பாதையில் அந்தச் சிறு நிலையத்தை இன்றும் காணலாம். அந்நாளில் அது மீட்டர் கேஜ் பாதை. பிள்ளைகள் எழுதிய மறுமொழி தந்தையார்க்குக் கிடைக்காததால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. மற்றப் பயணிகள் போய்விட, பிள்ளைகள் மட்டும் மேடையில் நின்றனர்.

ஸ்டேஷன் மாஸ்டர் அன்போடுதான் வந்து விசாரித்தார். உடையைப் பார்த்து உயர்குலத்துப் பிள்ளைகள் என்று கருதியிருந்தார். மகார் குலம் என்று பிள்ளை ஒருவன் உண்மையைச் சொன்னதும் முகம் மாறிற்று. ஐந்தடி பின்வாங்கித் தம் அறைக்குப் போய்விட்டார். மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள இசையவில்லை. முடிவில் இரட்டைக் கூலி பேசி ஓர் ஏற்பாடு ஆயிற்று. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். வண்டிக்காரன் தீட்டுப்படாமல் உடன் நடந்து வருவான்! கையில் கட்டுச்சோறு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லாமையால் இரவு முழுதும் உண்ணாமலே கழிந்தது. சுங்கச்சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் முற்பகலில்தான் ஊர் போய்ச் சேர்ந்தனர்.

பயணச்சீட்டு வாங்கியவன் பயணி. அவனுக்கு வேறு அடையாளம் கேட்கும் விதி எதனையும் இரயில்வேச் சட்டப் புத்தகத்தில் யாம் கண்டதில்லை. அந்த நிலையத்து அதிகாரி விதிக்குப் புறம்பாக எதையும் செய்துவிடவில்லை என்று சிலர் வாதிடக்கூடும். ஐந்தடி பின்வாங்கியது எந்த விதியின்படி என்று மட்டுமே அவர்களைக் கேட்போம்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பாரேல் பகுதியில் ‘சால்’ எனப்படும் வரிசை வீடு. எம்மூர் லைன் வீடுகளை அடுக்கின்மேல் அடுக்காக நிறுத்திப் பார்த்தால் சால் இன்னதென்று விளங்கிவிடும். ஒரே அறை. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்தான். இரவு இரண்டு மணி வரை தந்தை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தாம் படுத்துக்கொள்வாராம். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912-இல் பி.ஏ. பட்டம். மறு ஆண்டு தந்தையார் மறைந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையால், அதே 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்துப் பழைய நூல்களாகத் தேடித் தேடி வாங்கினார்; சுமார் 2,000 நூல்கள் சேர்ந்தன என்பர். 1917-இல் தாயகம் திரும்பியபோது வேறு கப்பலில் அனுப்பிய அவரது சாமான்கள் ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் கடலில் மூழ்கின. அவற்றோடு நூல்களும் போயின.

உதவித்தொகை பெற்றதற்கு ஈடாகப் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-இல் அவ்வூர் சேர்ந்தார். கொலம்பியாவில் கற்றவர், இலண்டனில் பயின்றவர், பரோடா நகரில் வாடகைக்கு ஓர் அறை அவருக்கு அகப்படவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உரிய ஒரு விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு தங்கினார். அங்கே வேறு விருந்தினர் இல்லை, தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்த கூடம், மின்விளக்கும் இல்லை. இரவில் சிறு விளக்கொளியில் புத்தகம் படித்தே பொழுதைக் கழித்தார். பதினோராம் நாள் காலை, பார்சிகள் ஒரு டஜன் பேர் தடியோடு வந்து அறைமுன் நின்றனர். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றனர். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்துவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டார். ஆளுக்கொரு காரணம் கூறித் தட்டிக் கழித்தனர். இரவு ஒன்பது மணிக்குத்தான் பம்பாய் வண்டி. அதுவரை ஐந்து மணி நேரம் காமாத்தி பாக் என்னும் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்தார். இறக்கும் வரை அந்நிகழ்ச்சியைக் கண்ணீரின்றி அவரால் நினைக்க இயலவில்லை.

1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921, 22-ஆம் ஆண்டுகளில் அவர் தங்கியிருந்த கிங் ஹென்றீஸ் சாலை 10-ஆம் எண் வீட்டை 2015-இல் மராட்டிய அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923-இல் திரும்பிய பின்னும் பாரேலில் ஒரு சாலில்தான் வாழ்ந்தார். 1927 மார்ச் 20-இல் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் பல்லாயிரவரோடு இறங்கி நீர் அருந்தினார். தாழ்த்தப்பட்டோரின் குரலாக 1930-இல் வட்டமேஜை மாநாட்டிற்குச் சென்றார். அங்கே அவரோடு அமர்ந்தவர் நம் தமிழ்ப் பெரியார் இரட்டைமலை சீனிவாசனார்.

அதே காலத்தில் தாதரில் வீட்டுவேலை தொடங்கியது. புத்தகம் பெருகிப் பெருகிச் சாலில் மனிதர்க்கு இடமில்லாது போயிற்று. 1933 அளவில் கட்டடம் முடிந்தது. கீழ்த்தளத்தில் குடும்பம், மேல்தளத்தில் நூலகமும் அலுவலகமும். மேல் மாடியைப் புத்தகத்திற்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் கீழே இருந்தார் என்பதை வாசகர் குறித்துக்கொள்க. வீட்டின் பெயரும் கருதத்தக்கது. இராஜகிருகம் என்பது மகத நாட்டின் பழைய தலைநகர். புத்தர் பெருமான் நடமாடிய நகர். பௌத்தம் தழுவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தம் வாயிற்படியில் அப்பெயரை எழுதிவிட்டார்! அவரது இறுதிக் காலத்தில் நூல்கள் 50,000-க்கு மேற்பட்டிருந்தன என்பர்.

அவ்வீட்டில் நெடுநாள் வாழக் கொடுத்து வைக்காதவர் துணைவியார் இரமாபாய். கணவர் கடல்கடந்து கற்ற ஆண்டுகளில் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தவர்; ஐந்து மக்களுள் நால்வரை மண்ணுக்குக் கொடுத்தவர்; யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தொழ வேண்டும் என்பது அவ்வம்மையாரின் ஆசை. கோயிலுக்கு வெளியே நின்று தொழும் நிலைக்கு மனைவியை அழைத்துச் செல்ல அண்ணல் இசையவில்லை. 1935 மே 27-ஆம் நாள் அவ்வில்லத்திலேயே அம்மையார் உயிர் நீத்தார். அவருக்கு விலக்கின்றித் திறந்த பெரிய கதவு அந்த ஒன்றுதான் போலும்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணலிடம் இருந்தது. தங்கவயலில் வாழும் நாம் அவர் வரலாற்றில் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி இது. 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். மேலிருந்து அறிக்கை கேட்டுத் திரும்பாமல் சுரங்கத்திற்குள்ளேயே இறங்கி, ஆணும் பெண்ணும் வேலை செய்யும் விதத்தைக் கண்டார். மறுமாதமே, அஃதாவது 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வெளியாயிற்று. வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை அந்நிதியின் நோக்கங்கள். தூங்க ஓர் அறையின்றிப் பரோடாப் பூங்காவில் அமர்ந்திருந்தவர், சுரங்கத் தொழிலாளியின் வீட்டைச் சட்டத்தில் எழுதினார்.

எம்மூரில் மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசை வரிசைகளில் வாழ்ந்த தலைமுறையினர்க்கு இதன் அருமை தெரியும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்ட பின்னர், கம்பெனி வீடுகளில் இருந்த குடும்பங்கள் பத்திரமில்லாத கூரையின்கீழ்ப் பட்ட கவலையையும் யாம் அருகிருந்து கண்டோம். வீடு என்பது நாலு சுவர் மட்டும் ஆகுமா? எவரும் வந்து மாலைக்குள் வெளியேறு என்று சொல்ல முடியாத இடமே வீடு.

1947 ஆகஸ்டு 29-இல் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கினார். அப்பணியை இங்கு விரித்தல் மிகை. பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா தடைப்பட்டமையால் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிறகு டில்லியில் அலிப்பூர்ச் சாலை 26-ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். அது சிரோஹி மன்னருடைய வீடு.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். தங்கவயல் மக்களுக்கு அது புதுச் செய்தியன்று. அயோத்திதாச பண்டிதரின் தொடர்பால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்கள் நம் முன்னோர். சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலின் மறுபதிப்புக்கு 1948-இல் அண்ணலே முன்னுரை வழங்கியிருக்கிறார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

நாகபுரி நிகழ்ச்சி நடந்து இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. 1956 டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, புத்தரும் அவர் தம்மமும் பற்றிய தம் நூலின் முன்னுரைத் தாள்களைப் பார்த்துவிட்டுப் படுத்தவர், 6-ஆம் நாள் காலையில் எழவில்லை. அலிப்பூர்ச் சாலையில் அவ்விடத்திலேயே 2018 ஏப்ரல் 13-இல் தேசிய நினைவகம் திறக்கப்பெற்றது. புத்தகத்தை விரித்து நிறுத்தியது போன்ற வடிவில் அக்கட்டடத்தை அமைத்திருக்கின்றனர்.

அண்ணலின் உடல் விமானத்தில் பம்பாய்க்கு வந்து, இராஜகிருகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மறுநாள் அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலம் தாதர்க் கடற்கரையை அடைந்தது. எரியூட்டிய அவ்விடம் சைத்யபூமி என வழங்குகிறது. காண விரும்புவோர் பெங்களூரில் உத்யான் விரைவு வண்டி ஏறினால் தாதரிலேயே இறங்கிக்கொள்ளலாம். கிழக்கே இராஜகிருகம், மேற்கே சைத்யபூமி. டிசம்பர் 6-ஐ ஒட்டிச் செல்வோர் கூட்டத்திற்கு ஆயத்தமாகச் செல்க. அந்நாள்களில் மத்திய இரயில்வே நாகபுரி மார்க்கத்தில் தனி வண்டிகள் விடுவது வழக்கம். கடற்கரைக்கு அருகே சிவாஜி பூங்காத் திடலில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள் போட்டிருப்பார்கள். மராட்டிய நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இரவு வண்டிக்குத் திரும்பும்போது, பலர் கையில் சோற்று மூட்டை காலியாகியிருக்கும்; அந்த இடத்தில் ஒரு புத்தகக் கட்டு இருக்கும்.